வாகை மரத்தில் ஒரு கீமேன்

என் மாமனார் ரயில்வேயில் கீமேனாக இருந்தவர். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சாவிகள் கழன்றிருக்கின்றனவா என்று பார்த்து, சுத்தியலால் தட்டி இறுக்கிக்கொண்டே தினமும் மைல் கணக்கில் நடக்கிற வேலை. மதுரையிலிருந்து போடிக்கு வந்த பழைய சின்னப் பாதையில்தான் அவர் காலம் போனது. ஓய்வு பெற்ற பிறகு, மாமியாரும் இல்லாததால், தேவாரம் ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கும் கட்டைகளில், கட்டைக்குக் கட்டை கால் வைத்துப் பழகியவர். தார் ரோட்டிலும் அதே அளவு எட்டுதான் விழும். காலையில் கிளம்பினால் ரோட்டோர மரங்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்துக்கொண்டே போவார். எது பூ விட்டிருக்கிறது, எதில் கரையான் ஏறுகிறது, எந்தப் பொந்தில் கிளி இருக்கிறது என்று திரும்பி வந்து என் மனைவியிடம் சொல்லுவார். என்னிடம் அதிகம் பேசமாட்டார். நான் பேசினால்தானே. மூன்று பேர் கூடி நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு நின்றதாலா, பிறவியே அப்படியா, தெரியவில்லை. நான் செய்வது மரம் அறுக்கிற வேலை. மெஷின் ஓடும்போது யாரும் பேச வேண்டியதில்லை. மரங்களை அப்படிப் பார்க்கிறவருக்கு மரம் அறுக்கிறவன் மாப்பிள்ளை. ஒரு நாளும் அவர் அதைக் குத்திக் காட்டியதில்லை.

ரோட்டை அகலப்படுத்த மரங்களை எடுக்கும் வேலை எங்கள் ஆட்களுக்கு வந்தது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வாகை மரம். அதன் பட்டுப்போன கிளை ஒன்றில் வட்டமாக ஓட்டை போட்டுக் குக்குறுவான் குஞ்சு பொரித்திருந்தது. வெயில் ஏறியதும் டொக் டொக் என்று ஒரே சீராகக் கத்துமே, நெற்றியில் சிவப்பு வைத்த சின்னப் பச்சைக் குருவி, அதுதான். மாமா அதைக் கீமேன் என்றே சொல்லுவார்.

“என் வேலைய இதுகிட்டக் குடுத்துட்டாக மாப்ள. லீவே எடுக்க மாட்டேங்குது, பாருங்க” என்று சிரிப்பார்.

வாகையும் போகப்போகிறது என்று தெரிந்த அன்று அவர் சிரிக்கவில்லை. “மரத்த விடச் சொல்லல மாப்ள. அது போகத்தான் செய்யும். குஞ்சு பறக்குற வரைக்கும், ஒரு பத்து நாளு, அத மட்டும் தள்ளிப் போடச் சொல்லணும். மேஸ்திரிகிட்ட நான் வந்து கேக்கவா?”

ஆட்கள் நடுவே அவர் வந்து குருவிக்காகக் கெஞ்சுவதை நினைத்ததும் எனக்குக் கூச்சமாக இருந்தது. “வேண்டாம் மாமா, நானே சொல்றேன்” என்றேன்.

மறுநாள் டீக்கடையில் மேஸ்திரி முன்னால் போய் நின்றேன்.

“என்னப்பா, பொண்ணு கேக்க வந்தவன் மாதிரி நிக்குற?” என்றார் அவர்.

“அவன் பொண்டாட்டியவே இன்னும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லண்ணே” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

“மெஷினுக்கு ஆயில் இல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மாமா கேட்டார். “சொல்லிட்டீகளா மாப்ள?”

“சொல்லிட்டேன் மாமா. சரின்னுட்டாரு.”

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. மதுரையில் மூத்த மகள் வீட்டில் தங்கிக் கண் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டியிருந்ததை, இந்த மரத்துக்காகவே தள்ளிக்கொண்டிருந்தவர், மறுநாளே பஸ் ஏறினார்.

மேஸ்திரியைப் பார்த்து அவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கமாட்டார். தண்டவாளத்தைக் கழற்றும் முன்னால் சிவப்புக் கொடியோடு ஓர் ஆளை முன்னே அனுப்புவார்களாம். வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் அவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். ‘கொடி நின்னாச்சு’ என்று சொல் வந்தால் போதும், மற்றவர்கள் குனிந்து வேலையைத் தொடங்கிவிடுவார்கள். ஒருவரும் போய்ப் பார்த்துவிட்டு வருவதில்லை. அவர் அப்படி வேலை செய்த ஆள்.

நாளை, நாளை என்று நான்கு நாள் போனது. ஐந்தாம் நாள் மேஸ்திரி அந்த வாகையைக் கை காட்டினார். மெஷின் என் கையில் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். கிளையில் கயிறு கட்டுகிறவன் ஏறிவிட்டான், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மெஷினின் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துக் கிளப்பினேன்.

பட்ட கிளை விழுந்து பிளந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள், இறகு அரைகுறையாக முளைத்திருந்தன. துண்டில் சுற்றி வேப்ப மரத்து நிழலில் வைத்தேன். தாயும் தகப்பனுமாகப் பெரிய பறவைகள் இரண்டும் மரம் இருந்த இடத்தில், வெறும் காற்றில், சுற்றிச் சுற்றி வந்தன. சாயங்காலத்துக்குள் மூன்றும் செத்துவிட்டன.

மாமா கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். வாகை நின்ற இடம் வெறுமையாகக் கிடப்பதைப் பஸ்ஸிலிருந்தே பார்த்துவிட்டார். வீட்டுக்கு வரவில்லை, நேராக நாங்கள் வேலை செய்த இடத்துக்கே வந்தார்.

“ஏய்யா, எம் மாப்ளகிட்ட சரின்னுட்டு இப்பிடிச் செய்யலாமா? பேச்சுன்னா பேச்சா இருக்க வேணாமா?” என்று மேஸ்திரியிடம் சத்தம் போட்டார்.

மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. “என்ன பெரியவரே? உங்க மாப்ள எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே. சொல்லியிருந்தா அங்கிட்டுள்ள மரத்த மொதல்ல எடுத்துருப்போம். எனக்கென்ன?”

மாமா என் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை. “நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன் போல” என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, அதே அளவு எட்டு வைத்து நடந்து போனார்.

வீட்டில் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. மரியாதையும் குறையவில்லை. ஆனால் அதன் பிறகு, ‘மோட்டாரை நிறுத்திட்டேன் மாமா’ என்று நான் சொன்னாலும், சிறிது நேரம் கழித்து, தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

போன வருடம் தேனியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைசி நாள் மூச்சு வாங்கியது. “நர்சம்மாகிட்ட சொல்லுங்க மாப்ள” என்றார். ஓடினேன். வார்டு நிறைய ஆட்கள். எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். டாக்டரை உடனே கூப்பிடுவதாக நர்ஸ் சொன்னார்.

திரும்பி வந்து, “சொல்லிட்டேன் மாமா. டாக்டர் வர்றாராம்” என்றேன்.

தலையை ஆட்டினார். பிறகு மெதுவாக என் மனைவி பக்கம் திரும்பினார். “தாயி, நீயும் ஒரு எட்டுப் போயி சொல்லிட்டு வந்துரு.”

அவள் போனாள். கட்டில் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை உண்மையிலேயே சொல்லிவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நர்சும் அவளும் வந்துவிட்டார்கள்.