லேபிள் இல்லாத டப்பா

அம்பத்தூரில் சத்துமாவு தயாரித்த ஒரு சிறிய கம்பெனியில் நான் கெமிஸ்ட். தெருவில் கேட்டவர்களிடம் மருந்து கம்பெனி என்று சொல்லிவைத்திருந்தேன். எம்.எஸ்சி. படித்துவிட்டு மாவு மில்லில் இருப்பதாகச் சொல்ல வாய் வரவில்லை.

டப்பாவில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை, நீரிழிவு உள்ளவர்களுக்கு ஏற்றது’ என்று ஆங்கிலத்தில் போட வேண்டும், கூடவே சத்து அட்டவணையும் வேண்டும் என்றார் முதலாளி. மாவில் வெல்லம் கலக்கிறோமே என்றேன். “வெல்லத்த யாருங்க சக்கரன்னு சொல்வாங்க?” என்றார். வேறொரு டப்பாவிலிருந்த எண்களைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். எதையும் சோதிக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் பக்கத்து ஊரான பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர், சர்க்கரை நோயாளி. ஒருநாள் அதே டப்பாவைக் கொண்டுவந்து, இதைச் சாப்பிடலாமா என்று கேட்டார். நான் எழுதியதை நானே அவருக்குப் படித்துக் காட்டி, தாராளமாகச் சாப்பிடலாம் என்றேன். மாதக்கணக்கில் இருவேளையும் கஞ்சி குடித்தார். காலில் வந்த புண் ஆறவில்லை. இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

நுகர்வோர் சட்டம் வந்த புதிது அது. லேபிளோடு டப்பா இருந்தால்தான் வழக்கு நிற்கும் என்று அவர் மனைவியிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தம்மாள் டப்பாவை என்னிடம் கொடுத்து, மனு எழுதித் தரச் சொன்னாள். அன்று மத்தியானமே அதை வெந்நீரில் ஊறவைத்தேன். லேபிள் கிழியாமல் கழன்று வந்தது. அடுப்பில் போட்டுவிட்டு முதலாளியிடம் போய்ச் சொன்னேன். ஒரு வாரத்தில் கடைகளிலிருந்த பழைய டப்பாக்களைத் திரும்ப எடுத்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் காலி டப்பாவைக் கழுவிப் பருப்பு போட்டுவைப்பது வழக்கம். அந்தத் தைரியத்தில் திருப்பிக் கொடுத்தேன்.

“இன்னா சார் இது, எழுத்தே காணோம்?”

“கழுவிட்டேம்மா. பருப்பு போட்டு வெச்சுக்கலாமே.”

“பருப்பு போடவா உன்னாண்ட குட்த்தேன்?”

அதுவரை என்னை ‘நீங்க’ என்றுதான் பேசியிருந்தாள். மறுநாள் கம்பெனிக்கே போய்ச் சண்டை போட்டாள். முதலாளியின் பக்கத்தில் நான் நின்றிருந்ததைப் பார்த்தாள். நான் அந்தக் கம்பெனி ஆள் என்று தெருவில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் அவருக்குப் பாதமே போயிற்று. பார்க்கப் போகாவிட்டால் தெரு என்ன நினைக்கும் என்பதற்காகப் போனேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தம்மாள் உள்ளே போய், அந்த டப்பாவிலேயே காப்பி ஊற்றி வந்து என் முன்னால் வைத்தாள்.

“குடி சார். சக்கர சேக்கல.”

டப்பா கையைச் சுட்டது. காப்பி வெல்லப் பாகாக இருந்தது. அடிவரை குடித்தேன். அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்த பிறகும் உண்மையைச் சொல்லவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.