பட்டாயாவில் பருப்புச்சோறு

என் கணவருக்குத் தச்சநல்லூரில் பெயிண்ட் கடை. அதிகம் விற்றுக்கொடுத்த கடைக்காரர்களைக் கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகும். பெரும்பாலும் ஆண்கள்தான் போவார்கள். திரும்பி வந்து வீட்டில் அதைப் பற்றி அதிகம் பேசவும் மாட்டார்கள். போன வருஷம் பட்டாயா என்று முடிவானபோது, குடும்பத்தோடும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு வயது நிரம்பாத மகளை வைத்துக்கொண்டு போகலாமா என்று யோசித்து யோசித்து, கடைசியில் சரி என்றேன். போய் இறங்கிய அன்றே, வராமல் இருந்திருக்கலாம் என்று தோன்றிவிட்டது.

பிள்ளை சாப்பிடவில்லை. விமானத்தில் குடித்த பாலை என் மேலேயே கக்கினாள். அதன்பிறகு பிஸ்கட்டின் ஓரத்தைக் கடிப்பதோடு சரி. நான் ஊரிலிருந்தே சின்ன மின்சாரக் குக்கர், அரிசி, பருப்பு, நெய் எல்லாம் கொண்டுபோயிருந்தேன். அறையில் சமைக்கக்கூடாது என்று கதவுக்குப் பின்னால் படம் ஒட்டியிருந்தது. ஆவி பட்டு ஏதாவது மணி அடித்துவிடுமோ என்று பயந்து, குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பருப்புச்சோறு பொங்கினேன்.

எங்கள் வீட்டில் பிள்ளைக்கு ஊட்டும்போது வெளியாள் கண்ணில் படக்கூடாது. யாராவது வந்தால் என் மாமியார் கிண்ணத்தை முந்தானையால் மூடிவிடுவார்; கண் பட்டால் சோறு இறங்காது என்பார். நான் எம்.எஸ்சி. படித்தவள். இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் நானும் மூடுவேன். அங்கேயும் அப்படித்தான் செய்தேன். ஜன்னல் திரையை இழுத்து, கடல் தெரியாமல் செய்து, பிள்ளையைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்து ஊட்டினேன். ஒவ்வொரு வாயையும் துப்பினாள். கையெல்லாம் பிசுபிசுப்பு. இன்னும் குழைத்திருக்க வேண்டுமோ, உப்பு கூடிவிட்டதோ என்று மிச்சத்தை நானே தின்று பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் முதலில் ஒரு நடன நிகழ்ச்சி, அப்புறம் விருந்து. இறகுக் கிரீடம் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக ஆடினார்கள். நான் மேடையைப் பார்த்ததைவிடப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததுதான் அதிகம். விருந்து கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு இந்திய ஓட்டலில். கம்பெனி மேனேஜர் பேசி, பரிசு கொடுத்து, பாட்டுப் போட்டு ஆடி முடித்தபிறகுதான் சாப்பாடு என்றார்கள். முதல் பாட்டு அதிர்ந்ததுமே பிள்ளை அழ ஆரம்பித்தாள். சத்தம்கூட வராத, தெம்பில்லாத அழுகை. கணவரின் தோளில் மேனேஜர் கை போட்டிருந்தார். இவரால் எழுந்திருக்க முடியவில்லை. வெளியே வைத்திரு என்று கண்ணைக் காட்டினார். அறையில் பொங்கிக் கொண்டுவந்திருந்த சோற்று டப்பாவையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

இறங்கிக் கொஞ்சதூரம் நடந்த பிறகுதான் அது எந்த மாதிரித் தெரு என்று புரிந்தது. இரண்டு பக்கமும் மதுக்கடைகள். சிவப்பும் ஊதாவுமாக விளக்குகள் மினுங்கின. மின்னுகிற குட்டைச் சட்டை போட்ட பெண்கள் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் பிள்ளை அழுகையை நிறுத்தி, ஒரு வாசலுக்கு மேலே வாலை ஆட்டிக்கொண்டிருந்த விளக்கு மீனைக் காட்டி வாயைப் பிளந்தாள். பழக்கதோஷத்தில் என் கை ஒரு உருண்டையை உள்ளே வைத்துவிட்டது. மென்றாள். விழுங்கினாள்.

நான் அசையவில்லை. அந்தக் கடைப்பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். துப்பட்டாவால் டப்பாவை மூடினேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. பிள்ளையைப் பார்த்து வாயை அகலத் திறந்து "ஆ" என்றாள். இவளும் "ஆ" என்றாள். அடுத்த உருண்டையும் போயிற்று. கண் பட்டுவிடுமே என்று நான் சுவர்ப்பக்கம் திரும்பினால் பிள்ளை உதட்டை இறுக்கினாள். திரும்பி நின்றால் திறந்தாள். துப்பட்டாவை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் நம்மூர்ப் பேச்சு கேட்டது. தலைவலி, ரூமுக்குப் போகிறோம் என்று விருந்திலிருந்து கழன்ற எங்கள் கூட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் நேரே இந்த வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர் விக்கிரமசிங்கபுரத்தில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா, நீ இங்கன நிக்கே?"

"பிள்ளைக்குச் சோறு ஊட்டுதேன் அண்ணாச்சி."

"நாங்க சும்மா, தலைவலி மாத்திரை வாங்கலாம்னு…"

"மாத்திரைக் கடைக்குத்தான் மேல மீன் படம் போட்டிருக்கான், பாரும் வே" என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. நாளைக்கு ஊரில் என்னவெல்லாம் பேசுவார்களோ. ஆனால் அவர்கள் விளக்கு மீனை மறைத்து முன்னால் நின்றதில் பிள்ளை வாயை மூடிக்கொண்டதுதான் அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. அண்ணாச்சி என் முகத்தையும் டப்பாவையும் பார்த்தார். பேரன் பேத்தி எடுத்தவர்.

"தள்ளி நில்லுங்கலே, பிள்ளைக்கு மறைக்குல்லா" என்றார்.

எல்லோரும் ஓரமாக ஒதுங்கினார்கள். என் முன்னால் உள்ளே போக அவர்களுக்குக் கூச்சம். அவர்கள் முன்னால் அங்கே நிற்க எனக்குக் கூச்சம். பிள்ளை தின்றுகொண்டிருந்ததால் யாரும் நகரவில்லை. டப்பா காலியாகும்வரை அப்படியே நின்றோம். கடைசி உருண்டையும் இறங்கியதும் அண்ணாச்சி, "பைய கூட்டிட்டுப் போம்மா" என்றார். ஓட்டலுக்குள் நுழைந்தபோது பிள்ளை என் தோளில் தூங்கிவிட்டிருந்தாள். இன்னும் இலை போடவில்லை. போட்டிருந்தால்கூட, பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு சாப்பிட எனக்குத் தெம்பிருந்திருக்காது.

மறுநாள் சாயங்காலம் அறையில் மறுபடி ஊட்டிப் பார்த்தேன். மறுபடி துப்பினாள். டப்பாவை மூடிக்கொண்டு அதே தெருவுக்குப் போனேன். அண்ணாச்சிமார் யாரையும் காணோம். வேறு தெரு பார்த்துப் போயிருக்க வேண்டும். அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். யோசிக்காமல் உட்கார்ந்தேன் என்று எழுத ஆசைதான். இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.