வாக்குத்தத்த அட்டையில் பேசியவர்

புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தட்டில் குப்புறக் கிடக்கும் அட்டைகளில் ஆளுக்கு ஒன்று. அதில் வரும் வசனம் அந்த ஆண்டுக்கென்று கடவுள் அவருக்குக் கொடுத்தது என்று நம்பிக்கை. பிறகு அது பீரோக் கண்ணாடியில் ஒட்டப்படும், பர்ஸுக்குள் போகும். நாமக்கல் பக்கம் என்பதால் லாரியிலும் ஏறும்.

அட்டைகளை அச்சுக்குத் தயார் செய்வது என் வேலை. முப்பது ஆண்டுகள் பத்திரிகையில் பிழை பார்த்தவன், ஞாயிறுதோறும் வேதபாட வகுப்பும் எடுக்கிறவன். வேறு யாரிடம் கொடுப்பார்கள்? இந்த முறை அவசரத்தில், பழைய காலண்டர் ஒன்றிலிருந்து வசனங்களை எடுத்துப் போட்டேன். ஓர் ஒற்றெழுத்துகூடத் தவறவில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்தும் ஒரு பெண் போகாமல் நின்றார். கணவர் சொந்த லாரியில் கேரளாவுக்கு முட்டை ஏற்றிப் போகிறவர். அவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறதாம். செல்போனில் வரும் ஒரு பிரசங்கியார், மாத்திரை போடுவது அவிசுவாசம் என்கிறாராம். போன நடையில் மலைப்பாதையில் கண் மங்கி, வண்டியை ஓரங்கட்டிப் படுத்துவிட்டாராம். புதன்கிழமை மறுபடி லோடு.

"நான் சொன்னா எங்கீங்க கேக்கறாரு? அந்தப் பிரசங்கியாரு பாதி, நீங்க குடுத்த கார்டு பாதிங்க."

எந்த வசனம் என்று கேட்டேன். தேவதூதர்கள் கைகளில் ஏந்திக்கொள்வார்கள், கால் கல்லில் இடறாது என்று வருவது. நல்ல வசனம்தானே என்று நினைத்தேன். பிறகு இடத்தையும் சொன்னார்: முதல் சுவிசேஷம், நாலாம் அதிகாரம், ஆறாம் வசனம். கணவர் இப்போது எங்கே இருப்பார் என்று கேட்டேன்.

மறுநாள் காலை வேதாகமத்தை எடுத்துக்கொண்டு, லாரி நின்றிருந்த பட்டறைக்குப் போனேன். எஃப்.சி. தகுதிச் சான்றுக்காகப் புது வர்ணம் அடித்திருந்தார்கள். பெயிண்டர் பலகைமேல் உட்கார்ந்து, முன்கண்ணாடிக்கு மேலே மஞ்சள் எழுத்தில் அந்த வசனத்தையே எழுதிக்கொண்டிருந்தார். லாரிக்காரர் பழைய டயரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முகம் வற்றியிருந்தது. பக்கத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் காலி.

"வாங்கண்ணா. உங்க கார்டுதானுங்க, பாருங்க."

"இதைச் சொன்னது யாரு?" என்றேன். நிருபர்களிடம் தினமும் கேட்டுப் பழகிய கேள்வி. அட்டை அடிக்கும்போது எனக்கு நானே கேட்காத கேள்வியும் அதுதான்.

"கர்த்தருங்க."

அதிகாரத்தைத் திறந்து கொடுத்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்கச் சொன்னேன். வனாந்தரம், நாற்பது நாள் உபவாசம் என்று போய், சாத்தான் இயேசுவை ஆலயத்தின் உச்சியில் நிறுத்தும் இடம் வந்தது. குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று அவன் சொல்கிறான். படித்தவர் குரல் அங்கேயே நின்றது.

மேலே பிரஷும் நின்றது. "ஏனுங்க, அப்ப இவ்வளவு நேரமா நான் சாத்தான் பேச்சையா எழுதிக்கிட்டிருக்கறேன்?" என்றார் பெயிண்டர். அவர் எங்கள் சபைக்காரர் அல்ல, ஆனாலும் கவலைப்பட்டார்.

லாரிக்காரர் சிரிக்கவில்லை. "கார்டு அடிச்சது நீங்கதானுங்களே. பாக்கலீங்களா?"

எழுத்துப்பிழை மட்டும்தான் பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டேன். சங்கீதப் புத்தகத்தில் உள்ள நல்ல வரிதான் அது. சாத்தான் அதைக் குதிக்கச் சொல்வதற்கு எடுத்துக்கொண்டான் என்றேன். அடுத்த வசனத்தை விரலால் காட்டினேன். கடவுளைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று இயேசு மறுத்த இடம். அதை அவர் இரண்டு முறை வாய்க்குள் படித்தார்.

"அந்தப் பிரசங்கியாரு மாத்திரையே போடறதில்லைங்களாமா, அண்ணா."

"அது எனக்குத் தெரியாது. கண்ணாடி போட்டிருக்காரு."

செல்போனை எடுத்து ஓடவிட்டுப் பார்த்தார். கனத்த கண்ணாடி. நிறுத்தி, பையில் போட்டுக்கொண்டார். சர்க்கரை போட்ட டீயில் மீதிப் பாதியைக் கீழே ஊற்றினார்.

"ஆஸ்பத்திரிக்கு வண்டியில கூட்டிட்டுப் போறீங்களா? என்னால ஓட்ட முடியாதுங்க. கண்ணு சரியாத் தெரியல."

என் ஸ்கூட்டரில் ஏறினார். எழுதியதை என்ன செய்வது என்று பெயிண்டர் பின்னாலிருந்து கேட்டார். அழிக்கச் சொல்லி லாரிக்காரர் கையசைத்தார்.

புதன்கிழமை லோடுக்கு வேறு டிரைவர் போனார். அடுத்த ஞாயிறு நான் பிரசங்க மேடை ஏறினேன். பத்திரிகையில் திருத்தம் என்றால் உள்பக்கத்தின் மூலையில், பொடி எழுத்தில் போடுவோம். இங்கே மைக்கில் சொல்ல வேண்டியிருந்தது. என் பிழை இன்னது என்று சொல்லி, அவரவர் அட்டையின் அதிகாரத்தை முதலிலிருந்து படித்துவிட்டு, சொன்னது யார், யாரிடம் என்று பின்பக்கம் எழுதிவரக் கேட்டுக்கொண்டேன். பின்வரிசையில் சிலர் நெளிந்தார்கள்.

அடுத்த வாரம் முதலில் அட்டையை நீட்டியவர் லாரிக்காரர். பின்பக்கத்தில் மருந்துக்கடையின் நீல மையில், காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதியிருந்தது.