வலிக்காத கண்

விவேக் நகரில் குழந்தை யேசு கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் ஜோசஃபினின் குரலுக்குப் பஸ்களே ஓரம் ஒதுங்கும். ஒருமுறை வந்த மழையை அதட்டி அல்சூர் பக்கம் திருப்பி அனுப்பினாள் என்றும் பேச்சு. அப்படிப்பட்டவள், ஐந்து வயது மகள் டீனாவின் முழங்கால் விஷயத்தில் ஏமாந்துபோனாள்.

காலையில் எழுந்தால் டீனா காலை மடக்க முடியாமல் நொண்டுவாள். மதியத்துக்கு மேல் சந்தில் ஓடுவாள்.

"ஸ்கூல் டைம்ல நொண்டி, ஆடற டைம்ல குதிரை. எங்கடி கத்துக்கின இந்த நடிப்பை?"

"நடிப்பில்லம்மா. முட்டி இன்னும் முழிச்சிக்கல."

முட்டி தேங்காயளவு வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் வீணா அழுத்திப் பார்த்தார்; ரத்தம் எடுத்தார்.

"மூட்டுவாதம்மா."

"அது கெழவிங்களுக்கு வர்றது டாக்டரம்மா. இவளுக்குப் பால்பல்லே விழல."

"கொழந்தைங்களுக்கும் வரும். காலைல பிடிச்சிக்கும், நடக்க நடக்க விட்டுடும். வாரம் ஒருநாள் மாத்திரை. நான் சொல்லாம நிறுத்தக் கூடாது. இன்னொண்ணு, ஸ்வல்ப கேளுங்க. மூணு மாசத்துக்கு ஒருவாட்டி கண்ணைக் காட்டணும். இது கண்ணுக்குள்ளயும் போகும். செவக்காது, வலிக்காது. பார்வை மட்டும் போயிடும்."

திரும்பும்போது ஆட்டோவை ஓட்டிக்கொண்டே கணவன் ஹெர்பர்ட் சிரித்தான். "முட்டிக்குப் போனா கண்ணைக் காட்டுன்றாங்க. பல்லுக்குப் போனா பாதத்தைக் காட்டணுமா?"

முதல் தடவை காட்டினார்கள். கண் நன்றாக இருந்தது. மாத்திரையும் ஒழுங்காகப் போயிற்று. கூடவே ஜோசஃபின் குழந்தை யேசுவுக்கு ஒன்பது வியாழன் நவநாள் நேர்ந்துகொண்டாள். கடைசி வியாழனன்று டீனா பீடம் வரை ஓடினாள். ஜோசஃபின் அன்றே மாத்திரையை நிறுத்தினாள்.

"இன்னும் மாத்திரை போட்டா, சொகம் குடுத்த யேசுவையே சந்தேகப்படற மாதிரி ஆயிடும்ங்க," என்றாள். ஹெர்பர்ட் தலையாட்டினான்.

கடையில் அந்தக் கதை வளர்ந்தது. தேங்காயளவு முட்டி பலாப்பழமானது. ஓடிய பிள்ளை பெஞ்சுகளைத் தாண்டிப் பறந்தாள். லிங்கராஜபுரத்திலிருந்தெல்லாம் கேட்க வந்தார்கள். இத்தனை பேரிடம் சொன்ன பிறகு எந்த முகத்தோடு ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பது? கண்ணைக் காட்டும் நாள்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன.

மறுவருடம் கோயிலுக்கு நன்றி சொல்லப் போனார்கள். டீனா மெழுகுவர்த்தியைத் தாங்கிக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில் நட்டுவிட்டுக் கையை எடுத்தாள். அது தரையில் விழுந்து அணைந்தது.

"பாத்து வைடி."

"வச்சேனேம்மா."

ஜோசஃபின் குனிந்தாள். மகளின் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள்.

"கையை எடும்மா. ஒண்ணும் தெரியல."

இடது கண் திறந்துதான் இருந்தது. தெளிவாக, துளிச் சிவப்பில்லாமல்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வீணா திட்டவில்லை. கண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இடதுல போனது அநேகமா திரும்பாதும்மா. வலதுலயும் ஆரம்பிச்சிருக்கு. அதைக் காப்பாத்தப் பாக்கலாம்."

மாத்திரை போய் வாரம் ஒரு ஊசி வந்தது. கூடவே நாள் முழுக்கச் சொட்டு மருந்து. ஜோசஃபின் கடைக்குள்ளேயே மகளை மடியில் சாய்த்து மருந்து விடுகிறாள். முட்டிக் கதையைக் கேட்க வருபவர்கள் சற்று நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

"இந்தக் கண்ணுக்கு எதுக்கும்மா? இது நல்லாதானே தெரியுது."

"அதுக்குத்தான்டி," என்று வலது இமையைப் பிரிக்கிறாள் ஜோசஃபின்.