காலால் தேடும் மரியதாஸ்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு மரியதாஸ் மணல்மேட்டு அடிவாரத்தில் இறங்கிவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலைப் புதைத்துப் புதைத்து, அரையடி அரையடியாக மணலை உழுதுகொண்டே போவார். விரலில் ஏதாவது தட்டினால் குனிந்து தோண்டுவார். சிப்பி ஓடு, பனங்கொட்டை, துருப்பிடித்த ஆணி எல்லாம் ஓலைப்பெட்டிக்குள் போகும். ஒரு குச்சியால் குத்திப் பார்த்தால் ஆகாதா என்றால், "குச்சி பொய் சொல்லும், காலு சொல்லாது" என்பார்.

தங்கச்சிமடத்துப் பிள்ளைகள் பனைமட்டையில் குந்திக்கொண்டு அந்த மேட்டு உச்சியிலிருந்து சர்ரென்று வழுக்கி வருவார்கள். சிராய்த்த முழங்கை, கிழிந்த உதடு, விழுந்த பல் என்று வாரம் ஒரு வீட்டில் அழுகை கேட்கும். மரியதாஸும் அப்படி வழுக்கியவர்தான். சின்ன வயதில் ஒடிந்த இடது கை இன்றும் முழுதாக நீளாது. முன்பெல்லாம் அதைக் காட்டி அவருக்கு ஒரே சிரிப்பு. "ஏலே, அப்பக் காதுல காத்து கூவும் பாரு, அதுக்கு இன்னொரு கையும் குடுக்கலாம்!" இருபது வருஷம் கடலில் பாய் விரித்து ஓடியும் அந்தக் கூவல் திரும்பக் கிடைக்கவில்லையாம்.

அந்தச் சிரிப்பு ஐம்பத்தாறாம் வருஷத்தோடு நின்றது. வலை காயப்போட மேட்டடியில் அவர் ஒரு வேப்பங்கம்பு அறைந்திருந்தார். மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பினால் மணல் நகரும். அதற்கு முன்னால் கம்பைப் பிடுங்கிவிட வேண்டும். இது கடற்கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். அந்த வருஷம் மீன்பாடு அள்ளிக் கொட்டியது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார், பாவி மனுஷர். நான்கே நாளில் மணல் கம்பை மூடியது. ஐந்தாம் நாள் அவர் மகள் வேளாங்கண்ணி மட்டையில் வந்து அதில் மோதினாள். எட்டு வயது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது.

நாற்பது நாள் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கால் கூடியது, கொஞ்சம் கோணலாக. "நான் வேகமா வந்துட்டேன் அய்யா, அதான்" என்றது பிள்ளை. கம்பைப் பிடுங்காமல் விட்டதை அவர் சொல்லவில்லை. இனி மேட்டில் ஏறக்கூடாது என்று மட்டும் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மறு ஞாயிற்றுக்கிழமை மணலில் காலை வைத்தவர்தான், இரண்டு வருஷமாக ஒரு வாரம் தப்பவில்லை.

"ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மண்ணைச் சலிக்கிறீக. பெத்த பிள்ளைய மட்டும் கட்டிப் போட்டு வச்சிருக்கீக. இது என்ன ஞாயம்?" என்பாள் மனைவி யாகப்பம்மாள். அவர் ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

போன ஞாயிறு அவர் நிமிர்ந்தபோது உச்சியில் வேளாங்கண்ணி நின்றாள், கையில் மட்டையோடு.

"அய்யா! ஒரே ஒரு தடவ! மெதுவா வாரேன்!"

மரியதாஸ் கம்பு இருந்த இடத்துக்குப் போய் மறுபடியும் காலால் துழாவினார். வெறும் மணல்தான். பிறகு ஊரே கேட்கக் கத்தினார்: "அன்னைக்கு நீ வேகமா வந்ததால இல்ல தாயி! கம்பப் பிடுங்காம விட்டது நான்! நீ எம்புட்டு வேகமா வேணாலும் வா!"

ஓலைப்பெட்டியைத் தூர வைத்துவிட்டு, அவள் வந்து நிற்கும் தூரத்துக்கும் அப்பால் போய் நின்று, இரண்டு கைகளையும் விரித்தார். இடது கை பாதி வரைதான் விரிந்தது.