ஆட்டுக்கு ஒரு ஜோடி

என் மேசைக்கு மேலே, ஆணியில் இரண்டு தோல் தலைப்பட்டைகள் தொங்குகின்றன. ஒரு வெள்ளை நூல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. கட்டியது என் சித்தி.

ஆடு நடக்கும்போது அதன் கண் எங்கே போகிறது என்று அளப்பதுதான் அப்போது என் ஆராய்ச்சி. வழியைப் படமெடுக்க ஒரு குட்டிக் கேமரா, கண்ணைப் படமெடுக்க இன்னொன்று. கடையில் வாங்கிய பட்டையெல்லாம் ஆடு ஓர் உதறு உதறியதும் கழன்று விழுந்தது. இந்த மாதமும் பதிவு வராவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் பேராசிரியர். அழுகையாக வந்தது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்த சித்தியிடம் போய் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒடுகத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தாள். உள்ளே இரண்டு பட்டைகள். ஒன்றில் கேமரா உறை இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம்.

"இன்னா சித்தி, ஆட்டுக்குத் தலை ஒண்ணுதானே?"

சித்தி விழித்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "லெஃப்ட் முடிச்சதும் கை தன்னால ரைட்டுக்குப் போயிடுச்சிடி. ஒத்தையா எதையும் தச்சதே இல்ல."

இடது பட்டையில் கேமராக்களைப் பொருத்தி, எங்கள் செவலை ஆட்டுக்கு மாட்டினோம். கச்சிதமாக நின்றது. ஆனால் மற்ற ஆடுகள் அந்தக் கோலத்தைப் பார்த்து ஓடிவிட்டன. செவலை தனியாக நின்று கத்தியது. ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. நான் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தேன். சித்திக்கோ தன் தையல் வீணாகிற கவலை. "இத மட்டும் சும்மா வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்று கறுப்பு ஆட்டைப் பிடித்து, கேமரா இல்லாத வலது பட்டையை மாட்டிவிட்டாள். கறுப்பு நேராகச் செவலையிடம் போனது. இரண்டும் உரசிக்கொண்டு, வேர்க்கடலைக் கொல்லை ஓரமாக ஜோராக நடந்தன. நானும் சித்தியும் பின்னாலேயே ஓடினோம். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

சாயங்காலம் பதிவைப் போட்டுப் பார்த்தோம். கல், பள்ளம் வந்தால் கண் சட்டென்று கீழே போனது. மற்ற நேரமெல்லாம் பக்கத்தில் வந்த கறுப்பின் மேல்தான். சித்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கம்பெனி பஸ்ஸுக்குப் போறப்ப நாங்களும் இப்படித்தான். ரோட்ட எவ பாக்குறா?" தலைப்பு பிழைத்தது.

இப்போது எனக்கு வேறு ஊரில் வேலை. லேசான பிளாஸ்டிக் பட்டைகள் வந்துவிட்டன. போன வாரம் சித்தி வந்திருந்தாள். ஆணியைப் பார்த்து, நூலை இழுத்துச் சரிபார்த்தாள். "ஜோடியைப் பிரிச்சிடாதே" என்றாள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அவள் கம்பெனிக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே வர, நான் கல் தடுக்கி விழப் பார்த்தேன்.

"கண்ண எங்கடி வெச்சிக்கினு நடக்குற?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதில் அவளுக்கே தெரியும்.