தெரிந்த சொல்

நாகர்கோவிலுக்குத் திரும்பி வந்த முதல் ஞாயிறே சபையில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். இலங்கையில் ஒரு மாதம் ஊழியம் செய்துவிட்டு வந்த பெண் அல்லவா? நான் எழுந்து நின்று, கர்த்தர் நல்லவர், பிள்ளைகள் பாட்டுப் படித்தார்கள், வெயில் ஜாஸ்தி என்று மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். அங்கே நான் பேசிய ஒரு சொல்லில் பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தியின் உயிர் மாட்டிக்கொண்டதை அந்த மைக்கில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வேதாகமக் கல்லூரியில் கடைசி வருடம். திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், சம்பூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எங்கள் மிஷனுக்கு ஓர் ஆராதனைக் கூடமும் அதை ஒட்டி ஒரு வீடும் இருந்தன. மத்தியானத்துக்குப் பிறகு அந்தக் கூடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் பாட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டும். போர்க்காலத்தில் ஊரையே விட்டு ஓடி, வருடக்கணக்காக முகாம்களில் கிடந்து, திரும்பி வந்து குடியேறிய சனங்கள். பாதி வளவுகளில் புது வீடு, மீதியில் வெறும் அத்திவாரமும் எருக்கலையும். கடற்கரைக்குப் போனால் விரிகுடாவுக்கு அப்பால் கப்பல்கள் நிற்பது தெரியும். எங்கள் தெருவில் நான்கு சக்கரத்தோடு அவசரத்துக்கு உதவக்கூடிய ஒரே வாகனம் மிஷன் வான்தான். அங்கிருந்த மிஷன் போதகர் ஓட்டுவார். சாவி குசினி என்கிற சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். யார் வந்து கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார் என்பது ஊருக்கே தெரியும்.

வெளிநாடு என்று பேர்தான், பாஷை நம்முடையதுதானே என்று நான் எந்த ஆயத்தமும் இல்லாமல் போயிருந்தேன். முதல் நாள் காலை, மிஷன் வீட்டில் சமைக்கிற அக்கா தட்டில் இடியப்பத்தை வைத்துவிட்டு, "காணுமோ?" என்றார். "எதைக்கா காணும்?" என்று நான் மேசைக்கு அடியில் குனிந்து தேடினேன். எங்கள் ஊரில் காணும் என்றால் தொலைந்துபோயிற்று என்று அர்த்தம், அங்கே போதும் என்று அர்த்தம். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்று அவர் சொன்னபோது, எனக்கு எதற்கு ஆறுதல், யார் செத்தது என்று கேட்டேன். மெதுவாகச் சாப்பிடு என்கிறாராம். அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, இடப்பக்கம் அவர்கள் சொல், வலப்பக்கம் எங்கள் சொல் என்று எழுத ஆரம்பித்தேன். குளிசை என்றால் மாத்திரை. பேந்து என்றால் பிறகு. கதைக்கிறது என்றால் பேசுகிறது. ஒரு வாரத்தில் நான்கு பக்கம் நிறைந்துவிட்டது, எனக்குத் தலைக்கனமும் ஏறிவிட்டது. தெரியாத சொற்களை மட்டும்தான் அதில் எழுதியிருந்தேன்.

அந்தப் பிள்ளை வகுப்பில் முன்வரிசை. ஒல்லி. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறியிருக்கும். கேட்காத கேள்விக்கும் கையைத் தூக்குவாள். நான் இல்லாத நேரம் பார்த்து, "என்ன பிள்ளைங்களா, சாப்ட்டீங்களா?" என்று என்னை மாதிரியே இழுத்துப் பேசிக்காட்டுவாள், வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். ஜன்னல் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். கோபம் வந்தது. ஆனாலும் அவள் வராத நாளில் வகுப்பு உப்பில்லாத கஞ்சி. அவளுடைய அப்பா கத்தாரில் கட்டட வேலையில் இருந்தார். வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான். அம்மா வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போவார். பிள்ளை தினமும் தலைவாரி, நெற்றியில் மூன்று கோடு திருநீறு பூசிக்கொண்டு வருவாள்.

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை. சபைச் சுவரில் மாட்ட வகுப்புப் படம் ஒன்று அனுப்பும்படி ஊரிலிருந்து கேட்டிருந்தார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினேன். போனில் பார்த்தால், நடுவில் அவள், நெற்றியில் பளிச்சென்று திருநீறு. எங்கள் மூப்பர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். அந்த ஊர்ப் போதகர் எந்தப் பிள்ளையின் நெற்றியையும் ஒருநாளும் தொட்டவரில்லை. இனி நான் செய்தது யாரும் சொல்லிச் செய்ததல்ல. "இங்க வா" என்று கூப்பிட்டு, என் கட்டைவிரலால் அந்தத் திருநீற்றைத் துடைத்தேன்.

நெற்றி சுட்டது. வெயிலில் நடந்து வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றாள். படத்தில் அவளைத் தவிர எல்லோரும் சிரிக்கிறார்கள்.

புதன் அவள் வரவில்லை. வியாழனும் இல்லை. கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை நான் கூடத்தில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய அம்மா வந்தார். வாசலோடு நின்றார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஆனாலும் மரியாதையாகத்தான் பேசுவார்.

"பிள்ளைக்குச் சரியான வருத்தம், டீச்சர்," என்றார். "ரெண்டு நாளா ஒண்டும் சாப்பிடுறாளில்லை. ஒரே படுக்கை. அதுதான் உங்களிட்ட ஒருக்காக் கேட்டுப் பாப்பம் எண்டு வந்தனான்."

நான் அவரை முடிக்க விடவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு அதோடு நிற்காமல் பிரசங்கமும் பண்ணியது. திருநீற்றைத் துடைத்ததற்குப் பிள்ளை மனம் நொந்து படுத்திருக்கிறாள், அம்மா நியாயம் கேட்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

"வருத்தம் இருக்கட்டும்மா," என்றேன். "நல்லதுதான். அது கர்த்தர் கொடுக்கிற வருத்தம். அந்த வருத்தம் வந்தாத்தான் மனசு திரும்பும். நான் அவளுக்காக ஜெபம் பண்ணுறேன்."

அவர் என்னையே பார்த்தார். "வருத்தம் இருக்கட்டுமோ?" என்று கேட்டார்.

"ஆமாம்மா," என்றேன். புன்னகைக்கக்கூடச் செய்தேன்.

அவர் திரும்பி நடந்தார். போகும்போது வீட்டுப் பக்கம் வான் நிற்கும் இடத்தை ஒரு தடவை பார்த்தார், பிறகு கேற்றைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். நான் சொன்னபடியே ஜெபமும் செய்தேன். முழங்காலில் நின்று, ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்கு வருத்தம் இன்னும் ஆழமாக வரட்டும் என்று கண்ணீரோடு கேட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து குசினிக்குள் போனேன். அக்கா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளைக்கு வருத்தம் கடுமையாப் போச்சாம்," என்றார். "விடிய ஓட்டோ பிடிச்சு மூதூருக்குக் கொண்டு போனவையாம். அங்கயிருந்து அம்புலன்ஸில பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிப்போட்டினமாம்."

நான் சிரித்தேன். பொய் சொல்லவில்லை, சிரித்தேன். "வருத்தத்துக்கெல்லாமா அக்கா ஆஸ்பத்திரிக்குப் போவாங்க?"

அக்காவின் கை நின்றது. "வருத்தத்துக்குப் போகாமல் வேற என்னத்துக்குப் போறது?"

"மனசு கஷ்டத்துக்கு..."

"அது கவலை. வருத்தம் எண்டால் நோய், பிள்ளை. காய்ச்சல், தலையிடி எல்லாம் வருத்தம்தான். உங்கட ஊரில வேறயோ?"

வேறுதான். எங்கள் ஊரில் வருத்தம் என்றால் துக்கம். புத்தகத்தில் எழுதும்போது அவர்களும் அப்படி எழுதுவார்களாம், ஆனால் காய்ச்சலில் பிள்ளை கிடக்கும்போது எந்தத் தாய் புத்தகத் தமிழை நினைப்பாள்? நான் வெள்ளிக்கிழமை பேசியதை அந்த அம்மாவின் காதால் கேட்டுப் பார்த்தேன். நோய் இருக்கட்டும்மா. நல்லதுதான். அது கர்த்தர் கொடுக்கிற நோய். வான் கேட்க வந்த தாயிடம் இதைச் சொல்லி, சிரித்தும் அனுப்பியிருக்கிறேன். குசினியிலிருந்து போதகரிடம் ஓடினேன்.

விஷயத்தைச் சொன்னதும் போதகர் சட்டையைக்கூட மாற்றாமல் வானை எடுத்தார். கிண்ணியாப் பாலம் தாண்டி நகரத்துக்குப் போகும்வரை அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

டெங்கு. காய்ச்சல் சனிக்கிழமை விட்டிருக்கிறது, அம்மாவும் நிம்மதியாகிவிட்டார். ஆனால் காய்ச்சல் விட்ட பிறகுதான் அந்த நோய் தன் வேலையைக் காட்டுமாம். ஞாயிறு விடியும்போது பிள்ளையின் கை கால் சில்லிட்டு, வாந்தியும் வந்திருக்கிறது. நாங்கள் போனபோது அம்மா வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, நான் அன்னைக்குச் சொன்னது..."

"இப்ப கதைக்க ஏலாது, டீச்சர்," என்றார். அப்போதும் மரியாதைதான்.

இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். சிங்களவர், தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசினார், ஆனால் அக்கறையாகக் கேட்டார். காய்ச்சல் முதலில் எந்த நாள் வந்தது, சரியாக யோசித்துச் சொல்லுங்கள், நாள் கணக்கு முக்கியம் என்றார். அம்மா யோசித்தார். "புதன்கிழமை மத்தியானம்," என்றார். டாக்டர் விரலை மடக்கி எண்ணி எழுதிக்கொண்டார்.

நான் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். செவ்வாய்க்கிழமை மத்தியானமே அந்த நெற்றி சுட்டது என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. தொட்டேன் என்று சொல்ல வேண்டும், ஏன் தொட்டேன் என்று சொல்ல வேண்டும், அதுவும் இந்தத் தாயின் முன்னால், போதகரின் முன்னால். டாக்டர் உள்ளே போய்விட்டார். வாயை மூடிக்கொண்டேன். கர்த்தருடைய ஊழியக்காரியின் லட்சணம் அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பிள்ளை செத்துப்போனாள்.

ஒருநாள் வித்தியாசம் ஒன்றையும் மாற்றியிருக்காது, அவர்கள் இரத்தத்தைச் சோதித்துத்தானே வைத்தியம் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் பின்னால் சொன்னாள். அவள் நல்லவள். செத்தவீட்டுக்கு நானும் போனேன். கேற்றடியில் நின்றேன். கத்தாரிலிருந்து அப்பா வந்து சேரவில்லை, போனில் பார்த்துக்கொண்டு அழுதார். பிள்ளையின் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்கள்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் நான் அந்த வீட்டுக்குத் தனியாகப் போனேன். அதற்கடுத்த நாள் நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அம்மா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். தேத்தண்ணி போடவா என்று வேறு கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வருத்தம் என்ற சொல்லைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம், நான் எதை நினைத்துப் பேசினேன் என்பதையெல்லாம் அழுதுகொண்டே சொன்னேன்.

"மிஷன் வீட்டு அக்கா வந்து சொன்னவ," என்றார். "விளங்குது, டீச்சர். சொல்லு மாறிப்போச்சு. அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது? நானும் வாய் விட்டு வானைக் கேட்டிருக்க வேணும். பயந்துபோனன்." தரையில் கிடந்த ஒரு துணியை எடுத்து மடித்தார். "நீங்கள் சொன்னதை நான் பிள்ளைக்குச் சொல்லேல்லை. டீச்சர் உனக்காக ஜெபிக்கிறாவாம் எண்டு மட்டும் சொன்னனான். அவளுக்குச் சந்தோசம். சனிக்கிழமை காய்ச்சல் விட்டோடன, பாத்தீங்களோ அம்மா, டீச்சர் கேட்டுத்தான் விட்டது எண்டவள்."

நான் எழுந்துவிட்டேன். மன்னிப்புக் கிடைத்துவிட்டது, போய்விடலாம் என்று ஒரு மனது சொன்னது. அப்போது அவர் கேட்டார்.

"வகுப்பில படம் ஒண்டு எடுத்ததெண்டு சொன்னவள். இருக்கோ, டீச்சர்? முப்பத்தொராம் நாள் காரியத்துக்குப் படம் அடிக்க வேணும். என்னட்ட அவள் சின்னதில எடுத்ததுதான் கிடக்கு."

போனைத் திறந்து கொடுத்தேன். அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். மற்றப் பிள்ளைகளெல்லாம் ஓரத்துக்குப் போய் அவள் முகம் மட்டும் நின்றது. வெகுநேரம் பார்த்தார்.

"நெத்தி வெறுமையாக் கிடக்கு," என்றார். "நான்தானே பூசிவிட்டனான்."

"நான்தான் துடைச்சேன்," என்றேன். "படத்துக்காக. அப்பவே நெத்தி சுட்டுது, அம்மா. வெயில்னு நினைச்சேன்."

"எண்டைக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

அவர் படத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் என்னை டீச்சர் என்று கூப்பிடவில்லை.

"டொக்டர் நாளைக் கேட்ட நேரம், நீங்கள் எனக்குப் பக்கத்திலதானே நிண்டனீங்கள்?"

"ஓம்," என்றேன். ஆமாம் என்பதற்கு அவர்களுடைய சொல் அப்போதுதான் முதல் தடவையாக என் வாயில் தானாக வந்தது.

அவர் போனை முந்தானையால் துடைத்து என் கையில் வைத்தார். "படத்தை அனுப்பிவிடுங்கோ," என்றார். "திருநீறு ஸ்டூடியோவில போடுவினம்." பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வாசலில் நின்றே அந்தப் படத்தை அவருக்கு அனுப்பினேன்.